தோள் அளவு

சிமோன் இன்றும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை என்றால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் சிவப்பு பீன்ஸும் சோறும்தான். எலும்பு போட்டு, காலையிலிருந்து அடுப்பில் குழைய விட்டிருந்தாள் ஓடில். மகள் கரண்டியால் சோற்றில் ஒரு கோடு கிழித்ததோடு சரி.

"ஒரு வாய் சாப்பிடேன்டி. எந்தப் பய சொன்னான் நீ குண்டுன்னு? பேரைச் சொல்லு, அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன்."

"பசிக்கலம்மா."

இந்த வருஷம் கடல் இப்போதே சூடாகிவிட்டது, புயல்கள் வலுவாக வரும் என்று வானொலியில் சொன்ன நாளிலிருந்து இதே பதில்தான். போன வாரம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். வயதுப் பெண்கள் இப்படித்தான் என்றார் டாக்டர். ஓடில் திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒருநாள் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தாள். பதின்மூன்று வயதுப் பெண் தன் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, புயலுக்கு ஜன்னல்களை அடைக்கும் பலகைகளை எடுத்தார்கள்.

எது எந்த ஜன்னலுக்கு என்று ஒவ்வொரு பலகையிலும் ஓடிலின் கணவன் அல்சீட் கறுப்பு மையில் எழுதி வைத்திருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன் வந்த புயல் அவனைக் கொண்டுபோய்விட்டது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

பெரிய பலகையின் மறுமுனையைச் சிமோன் தூக்கினாள். உடம்பில் தெம்பே இல்லாதவள், எப்படியோ தூக்கிவிட்டாள்.

ஓடிலுக்கு மனசு நிறைந்துபோனது. வழக்கமாகச் சொல்வதையே அன்றும் சொன்னாள்.

"அப்பன் தோளுடி உனக்கு. அச்சு அசல்."

சிமோன் பலகையைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஓடிலுக்குப் புரியவில்லை. வேலை நிற்கக் கூடாது. தண்ணீர்ப் புட்டிகள், டின் உணவு, பேட்டரி, மிதவைச் சட்டைகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காரையும் ஒருமுறை கிளப்பிப் பார்த்தாள். இருமிவிட்டு நின்றது. போன முறையும் காரை நம்பித்தான் இருந்தார்கள். தண்ணீர் முந்திக்கொண்டது.

கடைசியாகக் கோடரி.

ஜூன் பிறந்தால் அந்த ஊரில் எல்லாரும் கோடரியைப் பரணில் கொண்டுபோய் வைப்பார்கள். தண்ணீர் ஏற ஏற மனிதர்களும் ஏறுவார்கள். பரணுக்கு மேல் ஏற இடமில்லை. கூரையை உள்ளிருந்து பிளந்தால்தான் வெளியே போகலாம். அன்று அவர்களிடம் இருந்தது விறகு பிளக்கும் கைக்கோடரிதான். இப்போது ஓடில் நீளக் காம்பு போட்ட கோடரியாக வாங்கியிருந்தாள்.

அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பரணில் அனல் முகத்தில் அடித்தது.

சிமோன் அங்கே இருந்தாள்.

கூரையின் உட்புறத்தில், கறுத்துப்போன இரண்டு கைமரங்களுக்கு நடுவே, ஒரு சதுரம் மட்டும் வெளிறிய புது மரமாக இருந்தது. அதன் நேர் கீழே நின்றிருந்தாள். கையில் ஓர் அட்டை. அந்தச் சதுரத்தின் அளவுக்கே நடுவில் வெட்டி எடுக்கப்பட்ட அட்டை. இரண்டு கைகளையும் மேலே தூக்கி, அதற்குள் தன்னை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

தலை போனது. கைகள் போயின.

தோளில் சிக்கிக்கொண்டது.

தூக்கிய கைகளுக்குக் கீழே விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மூச்சை வெளியே விட்டு, தோள்களைக் குறுக்கி, மறுபடி முயன்றாள். அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சந்தாம்மா. இளைச்சிட்டேன் பாரேன்."

ஓடில் ஏணியின் மேல் படியிலேயே நின்றுவிட்டாள்.

புயலன்று அந்தச் சதுரத்தில் ஓட்டை வெட்டியவன் அல்சீட். முதலில் எட்டு வயது மகளை மேலே தள்ளினான். பிறகு மனைவியை. பிறகு அவன் தலை வந்தது. ஒரு கை வந்தது. கூரையில் மல்லாந்து கிடந்து அந்தக் கையை இரண்டு பேரும் பிடித்து இழுத்தார்கள். தோள் வரவில்லை. கைக்கோடரி உள்ளே தண்ணீருக்குள் விழுந்திருந்தது. பிடித்திருந்த கை அவர்களை விடும்வரை இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஓட்டையைத்தான், அதே அளவில், ஓடில் அடைத்து வைத்திருந்தாள்.

அவள் பரணுக்குள் ஏறினாள். மகளின் தோளிலிருந்து அட்டையைக் கழற்றினாள். அவளைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு, கோடரியை ஓங்கி வெளிறிய சதுரத்தில் இறக்கினாள். பலகை பிளந்தது. ஓடுகள் சரிந்தன. வெயில் ஒரு தூணாக உள்ளே விழுந்தது.

பிறகு கைமரத்தில் வெட்டினாள்.

பக்கத்து வீட்டுத் தச்சன் நோலன் போன வாரம்தான் கைமரங்களுக்கெல்லாம் இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்திருந்தான். ஒன்று போனாலும் காற்று மொத்தக் கூரையையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இப்போது அவன் குரல் தெருவிலிருந்து கேட்டது.

"ஏ ஓடில்! பைத்தியமா பிடிச்சிருக்கு? வானத்துல ஒரு மேகம் இல்ல. எங்க தப்பிச்சுப் போறே?"

ஓடில் மறுபடி ஓங்கினாள். மரம் இரும்பாக இருந்தது. வெட்டினாள். சிம்புகள் கன்னத்தில் அடித்தன. வெட்டினாள். கைமரம் முறிந்தபோது வீடு முழுக்க ஒரு முனகல் ஓடியது.

கோடரியைக் கீழே போட்டுவிட்டு மகளைக் கைபிடித்து வெயிலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள்.

சிமோன் பழக்கத்தில் தோள்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"குறுக்காதடி" என்றாள் ஓடில். "நல்லா விரிச்சு நில்லு. அளவு பாக்கணும்."