திறப்புவிழாக் கல்லின் முதுகு

கல் பேசுமா என்று கேட்காதீர்கள், இது பேசியது. கடலோரப் பூங்கா வாசலில் நின்ற திறப்புவிழாக் கல், பின்னால் வளை தோண்டிக் குடியிருந்த நண்டிடம் தினமும் பெருமை அளக்கும்: "நான் வருமுன் இங்கே வெறும் மணல்தான், தெரியுமா?"

"உன் முதுகிலே 'வலை உலர்த்தும் களம்'னு வெட்டியிருக்குதே, அண்ணே."

"போடா பக்கவாட்டுக்காரா! எனக்கேது முதுகு?"

ஒருநாள் பூங்காவுக்குப் புதுப் பெயர் வந்தது. கொத்தனார் கல்லைப் பெயர்த்துக் குப்புறப் போட்டு, முதுகிலிருந்த வலைக்கள எழுத்தை உளியால் செதுக்கி எடுத்தார். ஒவ்வொரு அடியிலும் கல்லுக்குத் தன் முதுகு தெரிந்தது. அங்கே புதுப் பெயரை வெட்டி, பழைய முகம் பின்னாலிருந்த அரளிச்செடிப் பக்கம் போகும்படி நட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலமே வாசல் பக்க முகம் வாய் திறந்தது: "நான் வருமுன் இங்கே வெறும் மணல்தான், தெரியுமா?"

பழைய முகம் மெல்லக் கூப்பிட்டது: "நண்டுத் தம்பி, நான் இங்கே இருக்கிறேன்னு அவன்கிட்டே சொல்லேன்."