இன்றைய எதிராளி

“இது பனியைச் சோதிக்கிற லட்சணமா தலைவரே? சோதிச்ச மாதிரி நடிக்கிறீங்க” என்றாள் நாகிசா.

இடுப்பளவுக் குழிக்குள் நின்றிருந்த ஒகிட்சு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஜப்பானின் ஹொக்கைடோவில் இருந்த அந்தப் பனிச்சறுக்குக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவள் போன மாதம் சேர்ந்தவள்.

குழியின் சுவரில் பனியைத் தூண் போலச் செதுக்கி, அதன் தலையில் பனிவாரியை வைத்துத் தட்டியிருந்தார். லேசாகத் தட்டியதற்கே மேல்பாதி வழுக்கி விழுந்துவிட்டது. இறங்கினால் பனி சரியும் என்பதற்கு அது அடையாளம்.

“இந்த இடத்துல மட்டும்தான் இப்படி. காத்து கொண்டாந்து கொட்டினது.”

“அப்ப தள்ளிப்போய் இன்னொரு குழி தோண்டுங்களேன். மாட்டீங்க. குளிர்காலம் முழுக்க இந்த இறக்கத்தைப் பார்த்து ஏங்கினீங்க. வெயில் வந்ததும் புத்தி உருகிப்போச்சு.”

“பலே. போன வாரம் திட்டினவனுக்கு இவ்வளவு வாய் இல்லை.”

மூத்தவர் சொல்லிவிட்டால் யாரும் மறுத்துப் பேசாத குழு அது. அந்த மரியாதையாலேயே ஒருமுறை பனிச்சரிவில் இருவரைப் பறிகொடுத்திருந்தார்கள். அதன்பின் ஒகிட்சுவே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். புறப்படும் முன் எல்லோரும் ரகசியமாகச் சீட்டு எடுப்பார்கள். சீட்டு விழுந்தவர் அன்று முழுக்கத் தலைவரை எதிர்த்துப் பேச வேண்டும். தலைவர் கோபிக்கக் கூடாது.

ஒகிட்சு கோபிக்கவில்லை. குழியிலிருந்து ஏறிச் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டார்.

“நீங்க இறங்கினா இவங்களும் ஆட்டு மந்தை மாதிரி பின்னாடியே இறங்குவாங்க. அத்தனை பேரையும் தோண்டி எடுக்க எனக்குத் தெம்பில்லை.”

“போதும்மா. சீட்டுக்கு உண்டான வேலையை நல்லாவே செஞ்சுட்டே. வழியை விடு.”

நாகிசா விலகவில்லை. இறக்கத்தின் விளிம்பில், அவர் கட்டைகளுக்குக் குறுக்கே நின்றாள். 

பின்னால் நின்ற பழைய உறுப்பினர் முனேதா தொண்டையைச் செருமினார்.

“தலைவரே, இன்னைக்குச் சீட்டு எனக்குத்தான் விழுந்தது. நீங்க ஆசைப்பட்டு வந்த இடமாச்சேன்னு நான் வாயையே திறக்கல.”

ஒகிட்சு கட்டைகளைக் கழற்றிவிட்டு, நாகிசாவின் முன் ஆழமாகத் தலை குனிந்தார்.