திறந்திருக்கும் திரை

கூரைத் தகடு அடிக்கும் தம்பி சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். இனி எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் நேற்று அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வெயில் தோலின் காவல் அணுக்களை மயக்கிப் புற்றுநோய்க்கு வழிவிடுவதை எலிகளில் ஆராய்ந்தே தலை நரைத்தவள் அவள். அவன் தோளில் கறுத்துத் தடித்த கட்டியின் இரு பக்கமும் அவள் விரல்கள் தாமாகவே போய் நிற்கின்றன. "என்னக்கா, எலிய அளக்குற மாதிரி அளக்குற?" "பேசாம இருடா எருமை." "நீ குடுத்த வெயில் க்ரீமெல்லாம் தகடு ஏத்துற கப்பிக்குத்தான் தடவினேன். சத்தமே வராது, தெரியுமா?" சிரித்து அடங்கியதும் கேட்கிறான், "இந்த சைஸ் வந்தா எலிய என்ன பண்ணுவ?" கட்டி இந்த அளவைத் தொட்டுவிட்டால் எலியை மேற்கொண்டு வதைக்காமல் கொன்றுவிடுவார்கள். "வேற கூண்டுக்கு மாத்துவோம்," என்கிறாள். சுவரிலிருந்து நகர்ந்த வெயில் அவன் கழுத்தில் ஏறுகிறது. சிறுவயதிலிருந்து அவனை நிழலுக்கு விரட்டிய கை பழக்கத்தில் திரைச்சீலையைப் பிடிக்கிறது, பிறகு விட்டுவிடுகிறது. "மூடலயா?" என்று சிரித்தபடி திரும்புகிறான். "இருக்கட்டும்டா. இதமாத்தானே இருக்கு." அவன் அவளைப் பார்க்கிறான். சிரிப்பு மெல்ல முகத்திலிருந்து இறங்குகிறது.