முப்பத்தொரு வரிகள்

ஏற்ற வேண்டியதை முதலில் ஏற்று, தொடர ஏதாவதொரு விசையை அழுத்து என்று கணினி ஆங்கிலத்தில் சொன்னது.

ஆபரேட்டர் அழுத்தினார். மறுபடியும் அதையே சொன்னது.

காலையிலிருந்து இதே பல்லவிதான்.

அந்த நீரேற்று நிலையத்தில் அவர் ஒருவர்தான் ஆள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இன்னும் எழுந்திருக்கவில்லை என்று வருத்தமாகச் சொன்னார்.

மறுமுனையில் தலைமை அலுவலகத்து மேடம். மூன்று வாரமாகத் தினமும் பத்து மணிக்கு அழைக்கிறார். ஆபரேட்டர் அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் இருமுவது தெரியும், அவர் நாற்காலி கிறீச்சிடுவது தெரியும், பதினோரு மணிக்கு டீயை உறிஞ்சுவதும் தெரியும்.

வேலை இதுதான். மோட்டார்களைக் கவனிக்கிற நான்கு பழைய கணினிகளையும் ஒரே புதிய கணினிக்குள் குடிவைக்க வேண்டும். அப்படிக் குடிவைக்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். அதை ஏற்றியாகிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் அதைத் தட்டி எழுப்ப வேண்டிய பூட்லோடர் என்கிற குட்டி நிரல்தான் முரண்டு பிடிக்கிறது.

எழுந்துவிட்டால், எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் இந்த நிலையத்துக்கு யாரும் போன் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

ஆபரேட்டருக்கு வேலை போகாது. வால்வு திருக, எண்ணெய் விட ஓர் ஆள் வேண்டும். சம்பளம் வரும். பேச்சுத்துணைதான் வராது.

குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மகள் ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள். சாப்பிட்டீங்களாப்பா என்று தொடங்கி வச்சிடட்டுமா என்று முடிக்க அவளுக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. குறை சொல்ல முடியாது, அவளுக்கு ஆயிரம் வேலை.

அலைபேசி சிக்னல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. திரையைப் படம் எடுத்து அனுப்ப வழியில்லை. அதனால் பென் டிரைவை வைத்துக் கணினியை எழுப்பி, பூட்லோடர் கோப்பைத் திறந்து, வரி எண் சொல்லி, எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். மேடம் அங்கே தாளில் எழுதிக்கொள்வார். அவர்கள் அலுவலகத்தில் இப்படித்தான்.

மொத்தம் முப்பத்தொரு வரிகள்.

காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, இப்போது மூன்றாவது. ஆபரேட்டர் நல்ல பிள்ளையாகப் படித்தார். பதினேழாம் வரியை முடித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு பத்தொன்பதாம் வரி. அவசரமே இல்லை.

நடுநடுவே கதையும் ஓடியது. மேடத்தின் அலுவலக மாடியில் முன்பு பதினோரு பேர் இருந்தார்களாம். இப்போது எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை. அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே ஏசி சத்தத்தைக் கேட்டபடி அவர் மட்டும். ஆபரேட்டர் சும்மா இருப்பாரா? மழைக்காலத்தில் மூன்றாம் நம்பர் மோட்டார் எப்படிக் கனைக்கும் என்று அதே குரலில் கனைத்துக் காட்டினார்.

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பு காதிலேயே இருக்கட்டும் என்று ஆபரேட்டர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் ஒரு செய்தி சொன்னார். இன்று ஐந்து மணிக்குள் முடியாவிட்டால், நாளை ஓர் ஆளையே நேரில் அனுப்பிவிடுவதாக மேலதிகாரி சொல்லியிருக்கிறாராம்.

வருகிறவன் கோப்பைத் தன் கண்ணாலேயே பார்ப்பான்.

கடிகாரத்தில் ஐந்தாகப் பத்து நிமிடம். ஆபரேட்டர் முப்பத்தோராம் வரியைப் படித்து முடித்தார். மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"பதினெட்டாவது வரிய மூணு தடவையும் நீங்க படிக்கல சார்."

திரையில் பதினெட்டாம் வரி இருக்கத்தான் செய்தது. ஹைப்பர்வைசரை ஏற்றச் சொல்லும் வரி. அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு # குறி. அந்தக் குறி இருந்தால் கணினிக்கு அந்த வரி இல்லாததற்குச் சமம். நேற்று மாலை போனை வைத்த பிறகு கணினி அழகாக எழுந்து நிற்க, அவர் தன் கையாலேயே போட்ட குறி.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுத்துமூலமாக விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் இந்தக் குரலும் இன்றோடு சரி.

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆள் அனுப்ப வேண்டாம்னு மத்தியானமே எழுதிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடுறேன், அப்பப் படிங்க."