மஞ்சள் புள்ளி

"அந்த மெஷினைத் தூக்கிக் குப்பையில போடும்மா!" என்று கத்தினார் கான்ட்ராக்டர்.

அவர் புதிதாகப் போட்ட விமான ஓடுபாதையில் எடையை விழவைத்து, தரை எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். தோண்ட வேண்டாம், ஒரு கீறல்கூட விழாது. ஆனால் வைத்த இடமெல்லாம் மெத்தை மாதிரி அமுங்கியது.

"மேல பளபளன்னு இருக்கு சார். அடியில ஜல்லியை ஒழுங்கா இறுக்கவே இல்ல."

"வாய்க்கு வந்ததைப் பேசாத! மஞ்சள் புள்ளி வச்சிருக்கியே, அதை விட்டுட்டு ஏன் கண்ட இடத்துல சோதிக்கிற? புள்ளி மேல வை!"

வைத்தேன். பாறை மாதிரி நின்றது. அடுத்த புள்ளியிலும் அப்படியே.

"இப்ப என்ன சொல்ற?" என்று மீசையைத் தடவினார்.

அவரை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"தார் போடறதுக்கு முன்னாடியே, எங்கெங்க சோதிப்பேன்னு உங்க சூப்பர்வைசர் என்கிட்ட நைசாக் கேட்டாரு. வேணும்னேதான் இடத்தைக் காட்டினேன். காட்டின இடத்துலதான் இன்னிக்குப் புள்ளி வச்சிருக்கேன்."

கான்ட்ராக்டரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"இருநூறு பேரோட இறங்குற பிளேன், புள்ளியைப் பாத்துப் பாத்தா சார் காலை வைக்கும்?"