விருந்தாளியின் நோட்ஸ்

மணி எட்டு ஐம்பத்தேழு. பற்பசை நுரை தாடையில் அப்படியே காய்ந்திருக்க, மூன்றாவது மாடிக்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தான் விருந்தாளி. இன்னும் மூன்று நிமிடத்தில் அவன் வகுப்பில் இல்லையென்றால், யாரோ ஒருவர் புள்ளியியல் தேர்வில் கோட்டை விடப்போகிறார்.

அந்த யாரோ யாரென்று அவனுக்குத் தெரியாது.

“வாங்க, உக்காருங்க. ஏதாவது சாப்பிடறீங்களா?” என்றார் பேராசிரியர். விருந்தாளி என்று பெயர் வைத்ததே அவர்தான். எப்போதாவது வருவான், எதையும் தொடமாட்டான், பாதியில் கிளம்பிவிடுவான். பெயர் அவனுக்கே பிடித்திருந்தது.

மாணவர் உதவி மையத்துக்கு அவன் முதலில் போனது படிப்பை நிறுத்த விண்ணப்பம் வாங்கத்தான். ஆறு வாரப் பாடம் தலைக்கு மேலே போய்விட்டது. புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடத்தது. ஆலோசகர் அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

“ஃபாரம் தீர்ந்துபோச்சு தம்பி. வர்றவரைக்கும் ஒரு உதவி செய்வியா? உங்க கிளாஸ்ல ஒருத்தர், பாடத்துல ரொம்பப் பின்னாடி இருக்கார். கிளாஸ்ல உக்காரவே முடியல. அவருக்கு நோட்ஸ் எடுத்துத் தரணும். பேர் மட்டும் கேக்காத, இங்க அதெல்லாம் ரகசியம்.”

“நானா மேடம்? என் கையெழுத்தைப் பார்த்துட்டு, எங்கம்மா மருந்துச் சீட்டுன்னு கடைக்கே எடுத்துட்டுப் போனாங்க!”

“மருந்து கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“அப்ப புரியுற எழுத்துதான். எழுது.”

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வகுப்பு தவறினால், முகம் தெரியாத ஒருவர் பின்னால் நின்று பெருமூச்சு விடுவதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பான். திங்கட்கிழமை குறை காத்திருக்கும்.

“நாலாம் பக்கம் புரியல தம்பி. அந்த விடை எப்படி வந்துச்சுன்னு நீ எழுதவே இல்லையே?”

“எனக்கே தெரியாதே மேடம்!”

“சார்கிட்ட கேட்டு எழுது. நீயும் கைவிட்டா அவருக்கு வேற யார் இருக்கா?”

கேட்டான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, வந்திருப்பது இவன்தானா என்று உறுதிசெய்துகொண்டு பிறகுதான் சொல்லிக்கொடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை பெரிய இடி. “முதல் ஆறு வாரத்துப் பாடமும் வேணும்.”

“அந்த ஆறு வாரமும் நானே கிளாஸ்ல இல்ல மேடம்!”

“தேர்வுல பாதி அதுலேருந்துதான் வருமாம். ஃபெயிலாகட்டும்னு விட்ரலாமா?”

விட மனம் வரவில்லை. அறைத்தோழனின் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு நூலகத்தில் போய் விழுந்தான். புரியாததை எழுதினால் திங்கட்கிழமை மாட்டிக்கொள்வோம் என்பதால் புரிந்துகொண்டு எழுதவேண்டியிருந்தது. அவன் வாழ்க்கையில் அது புது அனுபவம்.

“யாருன்னே தெரியாத ஆளுக்கு இப்படி உயிரை விடுறியேடா. பொண்ணா?” என்றான் அறைத்தோழன்.

“தெரியலடா.”

“பொண்ணுதான். ஆம்பளைக்காக நீ எட்டு மணிக்கு எழுந்திருப்பியா?”

அந்த வார்த்தை மண்டைக்குள் புகுந்து குடைந்தது. முன்வரிசையில் ஒருத்தி வலது கையில் மாவுக்கட்டோடு வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் துணிந்து அருகில் போனான்.

“என் நோட்ஸ் புரியுதாங்க?”

“உங்க நோட்ஸா?” அவள் நிமிர்ந்தாள். “நீங்க இந்த கிளாஸா?”

“இல்ல, கையில கட்டு... எழுத முடியாதேன்னு...”

அவள் இடது கையில் இருந்த பேனாவைத் தூக்கிக் காட்டினாள். “பொறந்ததுலேருந்து இந்தக் கைதாங்க.”

தேர்வு வந்தது. தன் தாளை எழுதி முடித்துவிட்டு, அறையில் யார் முழிக்கிறார்கள் என்று நோட்டம் விட்டான். எல்லோருமே முழித்தார்கள். அதில் தன்னுடைய ஆள் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிவு வந்த அன்று பட்டியலில் தன் எண்ணைப் பார்த்தான். ஒரு கணம்கூட நிற்காமல் உதவி மையத்துக்கு ஓடினான்.

“மேடம், அவர் பாஸா?”

“முதல்ல உக்காரு. உனக்கு என்ன ஆச்சு?”

“நான் பாஸ்தான், அறுபத்திரண்டு. அதை விடுங்க. அவர்?” உட்கார முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “ரெண்டாவது பாடத்தை நான் சரியா எழுதல மேடம். அவசரத்துல பாதி விட்டுட்டேன். அதனால அவருக்குப் போயிருந்தா...”

அம்மாள் எழுந்து அலமாரியைத் திறந்தார். அவன் கொடுத்த நோட்ஸ் முழுவதும் வாரவாரியாக அடுக்கியிருந்தது. ஓரங்களில் பென்சிலால் கேள்விக்குறிகள், எல்லாம் அம்மாளின் கையெழுத்து. முதல் வாரக் கட்டிலிருந்து கடைசி வாரக் கட்டுவரை ஒன்றுகூட அந்த அறையைவிட்டு வெளியே போயிருக்கவில்லை.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன மேடம் இது? யாருமே வாங்கிட்டுப் போகலையா? அப்ப இத்தனை நாளா நாய் மாதிரி ஓடி ஓடி, நான் யாருக்கு எழுதினேன்?”

அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்ப பாஸானது யாரு தம்பி?”