ஓட்டத்துக்குக் கட்டமில்லை

பந்து அவள் கையில்தான் இருக்கிறது. எறிய ஆளில்லை.

முன்னால் ஓடிய நான்கு பெண்களையும் எதிரணியினர் ஆளுக்கொருத்தியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

மாநில ஃப்ளாக் ஃபுட்பால் அணிக்கான தேர்வு. பாக்கி இருப்பது குவார்ட்டர்பேக் இடம் ஒன்றுதான். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி எறிகிறவள். ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி அவளே பந்தோடு ஓடக் கூடாது என்பது விதி.

அதனால் ஆள் தேர்ந்தெடுக்கும் எஸ்தர் டீச்சரின் தாளில் பத்து எறிதலுக்குப் பத்துக் கட்டம். ஓட்டத்துக்குக் கட்டமே கிடையாது.

அதே இடத்துக்குப் போட்டியிடும் அமுதவல்லி எறிந்த பத்தில் எட்டு பிடிபட்டன. இவளுக்கு ஒன்பது எறிதல் முடிந்து ஐந்து. இதுவும் சேர்ந்தால் ஆறு. இதற்குப் பெரிய கணக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது வருடமாக வருகிறாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

எறிய மனம் வரவில்லை. எறிந்தால் முடிந்துவிடும்.

அவள் இடுப்பில் தொங்கும் சிவப்புப் பட்டையை உருவ ஒருத்தி பாய்ந்து வருகிறாள். உருவிவிட்டால் அவ்வளவுதான்.

அவள் நகர்கிறாள்.

இடது பக்கம். பிறகு வலது. கோட்டுக்குப் பின்னாலேயே.

கூச்சல், விசில், ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன் எல்லாம் எங்கோ போய்விட்டன. காலுக்குக் கீழே தரை இருப்பதாகவே தெரியவில்லை. மேலே ஒரு பருந்து அப்படியே நிற்கிறது. பட்டையை நோக்கி வந்த கை காற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது.

மறுபடியும் வருகிறது. மறுபடியும் காற்று.

சந்தோஷமாக இருக்கிறது. இந்த நேரத்தில் இப்படி இருக்கலாமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

ஒட்டிக்கொண்டு நின்றவர்கள் தங்கள் ஆளை மறந்துவிட்டு அவளையே பார்க்கிறார்கள்.

முன்னால் ஓடிய நால்வரில் ஒருத்தி, ரெஜினா, தூரத்து மூலையில் தனியாக நிற்கிறாள்.

"அக்கா, இங்க!"

எறிகிறாள்.

பந்து மெதுவாக, மிக மெதுவாகப் போகிறது. ரெஜினாவின் இரண்டு உள்ளங்கைகளிலும் வந்து உட்காருகிறது.

நழுவுகிறது.

சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வருகிறது. ரெஜினா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எஸ்தர் டீச்சர் பத்தாவது கட்டத்தில் பெருக்கல் குறி போடுகிறார். அந்தக் கை அசைவு இங்கிருந்தே தெரிகிறது. அவள் பந்தைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத் தன் பையை எடுக்கப் போகிறாள்.

டீச்சர் பேனாவை மூடவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பத்தாவது கட்டத்துக்கு அப்பால் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

"யாருகிட்டயாவது ஸ்கேல் இருக்காம்மா?"